உடம்புக்குள் ஒரு சிறு வெளிச்சம்

(மும்பை தாராவியில் மாலை வகுப்பில் பேசியது)



இன்று புத்தகத்தை எடுக்க வேண்டாம். சிலேட்டையும் ஓரமாக வையுங்கள். இப்போது கதவைச் சாத்தி விளக்கை அணைக்கப் போகிறேன். பயப்படாதீர்கள். இரண்டு நிமிடம்தான்.

என் கையில் ஒரு சின்ன டார்ச் இருக்கிறது. மளிகைக் கடை அண்ணாச்சியிடம் இரவல் வாங்கி வந்தேன். கள்ள நோட்டு பார்க்கிற டார்ச் இது. யாரிடமாவது ஐந்நூறு ரூபாய் நோட்டு இருக்கிறதா? கொடுங்கள். திருப்பித் தந்துவிடுவேன்.

இதோ, டார்ச்சை நோட்டின் மேல் அடிக்கிறேன். நோட்டு எண்ணைப் பாருங்கள். பளிச்சென்று ஒளிர்கிறது. நோட்டு முழுக்கச் சின்னச் சின்ன நூல் துண்டுகள் தெரிகின்றன. பகலில் இவை நம் கண்ணில் படவில்லை. இப்போது இந்த வெள்ளைத் தாளின் மேல் அடிக்கிறேன். தாள் முழுவதும் நீல வெள்ளையாக மின்னுகிறது. நல்ல நோட்டின் காகிதம் இப்படி மின்னாது. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கடைக்காரர் கண்டுபிடிக்கிறார்.

இன்னொன்றையும் பாருங்கள். இந்தக் கண்ணாடி டம்ளரில் தேங்காய் எண்ணெய் இருக்கிறது. காலையில் அதில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போட்டேன். தூள் அடியில் தங்கிவிட்டது. மேலே தெளிந்த எண்ணெய். டார்ச் அடிக்கிறேன். எண்ணெய் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்கிறது, பார்த்தீர்களா? நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற மஞ்சள்தான் அது.

சரி, விளக்கைப் போடுங்கள்.

இது மாயம் இல்லை. இந்த டார்ச்சிலிருந்து வருவதில் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. அதற்குப் புற ஊதா ஒளி என்று பெயர். சில பொருள்கள் அந்த ஒளியை வாங்கிக்கொள்ளும். வாங்கிய கையோடு வேறு நிறத்தில் திருப்பிக் கொடுக்கும். ஆனால் முழுவதையும் கொடுக்காது. நூறு ரூபாய் வாங்கினால் எண்பது ரூபாய்க்குத்தான் சரக்கு தரும். மீதி சூடாகப் போய்விடும். தரகு என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதனால் திரும்பி வரும் ஒளி கொஞ்சம் வலு குறைந்ததாக இருக்கும். நிறமும் மாறியிருக்கும். டார்ச்சை அணைத்தால் அதுவும் அணைந்துவிடும். இதற்கு ஒளிர்தல் என்று பெயர். 1852-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி இதை ஆராய்ந்து எழுதினார். ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் வைத்தவரும் அவர்தான்.

நம் வீட்டு டியூப் லைட்டும் இப்படித்தான் எரிகிறது. குழாய்க்குள்ளே பாதரச ஆவி புற ஊதா ஒளியைத் தருகிறது. குழாயின் உள்பக்கம் பூசியிருக்கும் வெள்ளைப் பொடி அதை வாங்கி வெளிச்சமாக மாற்றுகிறது.

இதற்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம் என்று முன் வரிசை அண்ணாச்சி கேட்கிறார். அவருக்கே சம்பந்தம் இருக்கிறது. அண்ணாச்சி தையல்காரர். சர்க்கரை நோய் உண்டு. போன வருடம் கண் ஆஸ்பத்திரியில் அவர் கையில் ஒரு ஊசி போட்டார்கள். பிறகு கண்ணுக்குள் நீல வெளிச்சம் அடித்துப் படம் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தால் சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போனது. மஞ்சள் காமாலை வந்துவிட்டது என்று அண்ணாச்சி பயந்துவிட்டார். மறுநாள் கீழாநெல்லி தேடி மாதுங்கா மார்க்கெட் வரை போனார். ஊசி போட்டவர்கள் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அது காமாலை இல்லை. அந்த ஊசி மருந்தின் பெயர் ஃபுளோரசின். ஒளிரும் சாயம். 1871-இல் அடால்ஃப் ஃபான் பேயர் என்ற ஜெர்மனி விஞ்ஞானி அதைச் செய்தார். கையில் போட்டால் பத்துப் பதினைந்து நொடியில் ரத்தத்தோடு கண்ணுக்குப் போய்ச் சேரும். நீல வெளிச்சம் பட்டால் பச்சை மஞ்சளாக ஒளிரும். சர்க்கரையால் கண்ணின் ரத்தக் குழாய் எங்கே கசிகிறது என்று டாக்டருக்குத் தெரியும். பிறகு சிறுநீரில் வெளியேறிவிடும். அமெரிக்காவில் இரண்டு மருத்துவ மாணவர்கள் இந்தப் படம் எடுக்கும் முறையை 1961-இல் எழுதி வெளியிட்டார்கள். மாணவர்கள்தான், பெரிய டாக்டர்கள் இல்லை.

ஆகவே உடம்புக்குள் வெளிச்சம் ஏற்றுவது பழைய வேலை. இன்று நான் சொல்ல வந்தது அதைவிடப் புதியது. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் பெரியம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

பெரியம்மா இட்லி வியாபாரம் செய்தவர். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து மாவு ஆட்டுவார். 2009-இல் அவருக்கு மார்பில் கட்டி வந்தது. எனக்கு அப்போது பத்து வயது. வலி இல்லாத கட்டி. வலிக்கவில்லையே என்று எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள். கட்டியோடு அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பெரியம்மா பிழைத்தார். அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு.

ஆனால் இரண்டு வருடம் கழித்து வலது கை வீங்க ஆரம்பித்தது. முதலில் வளையல் இறுகியது. பிறகு ஜாக்கெட்டின் கை நுழையவில்லை. குடம் தூக்க முடியவில்லை. கரண்டி பிடித்து மாவு ஊற்ற முடியவில்லை. வியாபாரம் நின்றது. புற்று போனது, கையும் போனது என்று பெரியம்மா சொல்வார்.

ஏன் வீங்கியது? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வெறுங்காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டும். நமக்கெல்லாம் வந்திருக்கும். அந்த நெறிக்கட்டி புதிதாக முளைப்பது இல்லை. எப்போதும் அங்கே இருப்பதுதான். நோய்க் கிருமியோடு சண்டை போடும்போது வீங்கி வலிக்கிறது.

நம் உடம்பில் ரத்தக் குழாய் தவிர இன்னொரு குழாய் வரிசை உண்டு. நூலைவிட மெல்லியவை. ரத்தக் குழாயிலிருந்து கசிந்த நீரை இவை திரட்டிக்கொண்டு போகும். அந்த நீருக்கு நிணநீர் என்று பெயர். வழியில் ஆங்காங்கே சோதனைச் சாவடி போல நெறிக்கட்டிகள் இருக்கும். வருகிற நீரைச் சலித்து அனுப்பும்.

மார்பிலிருந்து வரும் நிணநீரில் பெரும்பகுதி அக்குள் வழியாகப் போகிறது. புற்றுநோய் பரவினாலும் பெரும்பாலும் முதலில் அங்கேதான் வரும். அதனால்தான் டாக்டர்கள் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்துச் சோதித்தார்கள். ஆனால் கையின் நிணநீரும் அதே வழியில்தான் போக வேண்டும். சாவடிகளை எல்லாம் எடுத்துவிட்டால் வழி அடைபடுகிறது. மழைக் காலத்தில் நாலா அடைத்துக்கொண்டால் நம் சந்தில் என்ன ஆகிறது? அதுதான் கையிலும் ஆகிறது. எல்லோருக்கும் ஆவதில்லை. சிலருக்கு ஆகிறது.

மூன்று வருடத்துக்கு முன் ரேஷன் கார்டைத் தேடினேன். தகரப் பெட்டியின் அடியில் பெரியம்மாவின் ஆஸ்பத்திரிக் காகிதம் கிடைத்தது. ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு வரியில் இப்படி இருந்தது: அக்குள் நெறிக்கட்டிகள், 0/16.

கீழே 16. மேலே பூஜ்யம். சுகாதார நிலையத்து அக்காவிடம் காட்டி அர்த்தம் கேட்டேன். பதினாறு நெறிக்கட்டிகளை எடுத்துச் சோதித்தார்கள், ஒன்றில்கூடப் புற்று இல்லை என்று சொன்னார். பன்னிரண்டு வருடமாக அந்தக் காகிதம் எங்கள் வீட்டில் இருந்தது. படிக்க ஆள் இல்லை.

நான் யாரையும் குறை சொல்லவில்லை. அப்போது பல இடங்களில் அதுதான் வழக்கம். பெரியம்மா போனதும் தாமதமாக. அவருக்கு வேறு முறை பொருந்தியிருக்குமா என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் வேறு முறை ஒன்று இருந்தது என்பது உண்மை.

அந்த முறை இதுதான். பதினாறையும் எடுப்பானேன்? மார்பிலிருந்து வரும் நீர் எந்தச் சாவடிக்கு முதலில் போகிறதோ அதை மட்டும் எடுப்போம். அதில் புற்று இல்லை என்றால் பின்னால் இருப்பவற்றிலும் அநேகமாக இருக்காது. மற்றவற்றை விட்டுவிடலாம். இத்தாலி நாட்டில் மிலான் நகரில் உம்பர்டோ வெரோனசி என்ற டாக்டரும் அவரோடு வேலை செய்தவர்களும் 516 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். சின்னக் கட்டி உள்ள பெண்கள் அவர்கள். முதல் நெறிக்கட்டி சுத்தமாக இருந்தால் மற்றவற்றை விட்டுவிடுவதில் ஆபத்து இல்லை என்று 2003-இல் எழுதினார்கள். கை வலியும் வீக்கமும் அந்தப் பெண்களுக்குக் குறைவாக இருந்தன. கையில் ஏற்கனவே நெறிக்கட்டி தட்டுப்படும் நோயாளிக்கு இது அப்படியே பொருந்தாது.

இந்த முதல் நெறிக்கட்டிக்கு டாக்டர்கள் சொல்லும் பெயரைப் பலகையில் எழுதுகிறேன். சென்டினல் நோடு. சென்டினல் என்றால் காவலாள். ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். சென்-டி-னல் நோ-டு. நோட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்று வந்தால், சென்டினல் நோடு பார்க்க முடியுமா டாக்டர் என்று கேட்கலாம். முடியாது என்றால் ஏன் என்று சொல்வார். கேட்பதில் தப்பில்லை.

முதல் நெறிக்கட்டி எது என்று எப்படித் தெரியும்? கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும். மொச்சைக் கொட்டை அளவுதான் இருக்கும். எல்லாம் ஒன்று போலத் தெரியும். இங்கேதான் வெளிச்சம் வேலைக்கு வருகிறது.

கட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாயத்தை ஊசியால் போடுவார்கள். சாயம் நிணநீரோடு சேர்ந்து போய் முதல் சாவடியில் நிற்கும். சில இடங்களில் நீலச் சாயம் போடுகிறார்கள். மெத்திலீன் புளூ என்பார்கள். விலை குறைவு. வெட்டிப் பார்த்தால் நெறிக்கட்டி நீலமாகத் தெரியும். ஆனால் வெட்டித்தான் பார்க்க வேண்டும். இன்னொரு முறையில் கதிரியக்க மருந்து போட்டு ஒரு கருவியால் தேடுகிறார்கள். மூன்றாவது ஒளிரும் சாயம். பச்சை நிறத்தில் ஒரு பொடி. இண்டோசயனின் கிரீன் என்று பெயர். 1950-களில் கோடாக் என்ற ஃபிலிம் கம்பெனியின் ஆய்வுக் கூடத்தில் உருவானது. 1959-இல் அமெரிக்க அரசு மருத்துவத்துக்கு அனுமதி கொடுத்தது. நம் நாட்டிலும் பெரிய ஆஸ்பத்திரிகளில் இது இருக்கிறது.

இந்தப் பச்சைப் பொடியிடம் ஒரு விசேஷம் உண்டு. அதைக் காட்ட ஒரு செல்போன் வேண்டும். விளக்கை மறுபடியும் அணையுங்கள். செல்போன் டார்ச்சைப் போட்டு அதன் மேல் விரலை வையுங்கள். விரல் வழியாக என்ன நிறம் தெரிகிறது? சிவப்பு. டார்ச் வெள்ளையாகத்தானே எரிகிறது? நீலமும் பச்சையும் எங்கே போயின? ரத்தம் அவற்றைக் குடித்துவிட்டது. சிவப்பு மட்டும் தப்பி வந்தது. சிவப்புக்கும் அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று இருக்கிறது. அகச்சிவப்பு ஒளி. சிவப்பை ஒட்டிய அகச்சிவப்பு சதைக்குள் இன்னும் நன்றாகப் போய் வரும். பச்சைப் பொடி தருவது அந்த ஒளியைத்தான். நம் கண்ணுக்குத் தெரியாது. அதற்கென்று உள்ள கேமரா பார்த்து டி.வி. போன்ற திரையில் காட்டும். தோலுக்கு அடியில் நிணநீர் ஓடுகிற வழி வெள்ளைக் கோடு போலத் திரையில் ஊர்ந்து போகும். நான் வீடியோவில் பார்த்தேன். மழைத் தண்ணீர் ஜன்னலில் வழிவது போல் இருந்தது.

இதற்கும் எல்லை உண்டு. சுமார் ஒரு சென்டிமீட்டர் ஆழம் வரைதான் நன்றாகத் தெரியும். வயிற்றின் உள்ளே ஆழத்தில் இருப்பதை வெளியிலிருந்து காட்டாது. சி.டி. ஸ்கேனுக்கு இது மாற்று இல்லை. ஆபரேஷன் செய்யும்போது டாக்டரின் கண்ணுக்குத் துணை. அவ்வளவுதான். கேமராவின் விலையும் பல லட்சம். அதனால்தான் எல்லா இடத்திலும் இல்லை.

பச்சைப் பொடிக்கு இன்னொரு குறையும் உண்டு. அது மிகச் சிறியது. முதல் சாவடியில் நிற்காமல் அடுத்ததற்கும் ஓடிவிடும். நேரம் ஆக ஆக வெளிச்சமும் மங்கும். வெயிலில் காயப் போட்ட சேலை சாயம் போவது போல. இந்தக் குறைகளைத் தீர்க்கத்தான் விஞ்ஞானிகள் நானோ துகளைக் கையில் எடுத்தார்கள்.

நானோ என்றால் என்ன? உங்கள் ஸ்கேலை எடுங்கள். அதில் மிகச் சின்னக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர். அதைப் பத்து லட்சம் பங்கு போடுங்கள். ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் பருமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். ரத்தத்தின் சிவப்பு அணு 7,000 அல்லது 8,000. நான் சொல்லப் போகும் துகள் ஆறு ஏழு நானோமீட்டர்தான். ஒரு முடியின் குறுக்கே பத்தாயிரத்துக்கு மேல் வரிசையாக அடுக்கலாம்.

இவ்வளவு சின்னதாகப் போனால் பொருளின் குணமே மாறிவிடுகிறது. நம் சமையல் கட்டிலேயே இதற்கு ஒரு சாடை இருக்கிறது. சின்னக் குவளையைத் தட்டினால் கீச்சென்று சத்தம் வரும். பெரிய அண்டாவைத் தட்டினால் டொம்மென்று வரும். இரண்டும் ஒரே பித்தளைதான். அளவுதான் வேறு. அதுபோல சில பொருள்களை மிகச் சின்னத் துகளாகச் செய்தால் நீலமாக ஒளிரும். அதையே கொஞ்சம் பெரிதாகச் செய்தால் பச்சை. இன்னும் பெரிதானால் சிவப்பு. பொருள் மாறவே இல்லை. இவற்றைக் குவாண்டம் புள்ளி என்கிறார்கள். 1980-களின் தொடக்கத்தில் ரஷ்யாவில் அலெக்சி எகிமோவும் அமெரிக்காவில் லூயி புரூஸும் தனித்தனியே இதைக் கண்டார்கள். 1993-இல் மௌங்கி பாவெண்டி என்பவர் எல்லாத் துகளும் ஒரே அளவில் வரும்படி செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். மூவருக்கும் 2023-இல் நோபல் பரிசு கிடைத்தது.

1998-இல் இந்தப் புள்ளிகளை உயிர்ச் செல்லுக்குள் அனுப்பி ஒளிர வைத்துப் பார்த்தார்கள். அழகாக ஒளிர்ந்தது. சாயம் போகவில்லை. எல்லோருக்கும் ஆசை வந்தது. மனித உடம்பில் போட்டுப் பார்க்கலாமே!

ஆனால் ஒரு பெரிய தடை இருந்தது. நன்றாக ஒளிரும் புள்ளிகள் பலவற்றில் காட்மியம் என்ற உலோகம் இருந்தது. அது விஷம். ஜப்பானில் ஜின்சு என்ற ஆற்றங்கரை மக்களைக் கேட்டால் சொல்வார்கள். அங்கே ஒரு சுரங்கத்திலிருந்து காட்மியம் ஆற்றில் கலந்தது. ஆற்று நீர் வயலுக்குப் போனது. அரிசியில் ஏறியது. சாப்பிட்டவர்களின் எலும்பு மெலிந்து முறிந்தது. மூத்த பெண்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். அந்த நோய்க்கு மக்கள் வைத்த பெயர் இத்தாய் இத்தாய். நம் மொழியில் சொன்னால், ஐயோ வலிக்குதே, ஐயோ வலிக்குதே. 1968-இல்தான் ஜப்பான் அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது. அப்படிப்பட்ட உலோகத்தை நோயாளியின் உடம்பில் எப்படிப் போடுவது? அந்தப் புள்ளிகள் ஆய்வுக் கூடத்திலும் டி.வி. பெட்டியிலும் நின்றுவிட்டன.

வேறு வழி தேடியவர்களில் ஒருவர் உல்ரிச் வீஸ்னர். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறார். ஒளிரும் சாயத்தை எடுத்து அதைச் சுற்றி சிலிக்கா என்ற பொருளால் ஓடு செய்தார். சிலிக்கா வேறொன்றும் இல்லை. மணலும் கண்ணாடியும் அதனால் ஆனவைதான். அரிக்கேன் விளக்கில் சுடரைச் சுற்றிக் கண்ணாடிச் சிம்னி இருக்கும் அல்லவா? காற்று அடித்தாலும் சுடர் அணையாது. அதே யோசனைதான். ஓட்டுக்குள் இருக்கும் சாயம் அதிக வெளிச்சம் தரும். சீக்கிரம் மங்காது. ஓட்டின் மேல் இன்னொரு வழவழப்பான பூச்சும் பூசினார்கள். உடம்பின் காவல் அணுக்கள் இதை அந்நியப் பொருள் என்று பிடித்து வைத்துக்கொள்ளாமல் இருக்க அது உதவும்.

பூச்சின் மேல் சாவி போன்ற ஒரு பொருளையும் ஒட்டலாம். சில புற்றுச் செல்களின் மேல் அந்தச் சாவிக்கு ஏற்ற பூட்டு அதிகமாக இருக்கும். துகள் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். டாக்டர் கேமராவில் பார்த்தால் புற்று இருக்கும் இடம் ஒளிரும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு விஷயம். துகளை ஏன் ஆறு ஏழு நானோமீட்டரில் செய்தார்கள்? சிறுநீரகத்துக்காக. நம் சிறுநீரகம் ஒரு சல்லடை. அந்தச் சல்லடைக் கண்ணில் நுழையும் அளவு அதுதான். வேலை முடிந்ததும் துகள் சிறுநீரில் வெளியேற வேண்டும். பெரிதாக இருந்தால் ஈரலில் போய்த் தங்கிவிடும். உள்ளே போவதை யோசித்ததோடு நிற்காமல் வெளியே வருவதையும் யோசித்திருக்கிறார்கள்.

2011-இல் அமெரிக்க அரசு இதை மனிதரிடம் சோதிக்க அனுமதி கொடுத்தது. நியூயார்க்கில் உள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் மிஷல் பிராட்பரியும் அவரோடு இருந்தவர்களும் சோதித்தார்கள். முதலில் ஐந்தே ஐந்து நோயாளிகள். மெலனோமா என்ற தோல் புற்று உள்ளவர்கள். மிகக் கொஞ்சமாக ஊசி போட்டு, துகள் உடம்பில் எங்கே போகிறது என்று ஸ்கேனில் பின்தொடர்ந்தார்கள். பெரிய பக்க விளைவு இல்லை. துகள் சிறுநீரில் வெளியேறியது. 2014-இல் இதை வெளியிட்டார்கள். அடுத்து, தலையிலும் கழுத்திலும் அதே புற்று உள்ளவர்களுக்கு ஆபரேஷன் நேரத்தில் காவல் நெறிக்கட்டியைக் கண்டுபிடிக்க இந்தத் துகளைப் பயன்படுத்தினார்கள். 2021-இல் அந்த முடிவு வந்தது. நெறிக்கட்டி ஒளிர்ந்தது. டாக்டர்கள் பார்த்து எடுத்தார்கள்.

ஐந்து பேரில் ஆரம்பித்து அடுத்த படிக்குப் போக இத்தனை வருடம். மெதுவாகப் போகிறார்களே என்று தோன்றும். காட்மியம் கதையைக் கேட்ட பிறகு, மெதுவாகவே போகட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டு விஞ்ஞானிகளும் சும்மா இல்லை. கரியிலிருந்து செய்யும் ஒளிரும் துகள் ஒன்று உண்டு. 2004-இல் அமெரிக்காவில் வேறு ஏதோ வேலை செய்யும்போது தற்செயலாகக் கிடைத்தது. 2012-இல் நம் நாட்டு விஞ்ஞானிகள் சிலர் அந்தத் துகளை ஆரஞ்சுப் பழச்சாற்றிலிருந்து செய்து காட்டினார்கள். சாற்றை மூடிய பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கினார்கள். கிடைத்த துகளைக் கிண்ணத்தில் வளர்த்த புற்றுச் செல்களில் விட்டார்கள். செல்கள் ஒளிர்ந்தன.

உடனே அந்த ஓரத்து அக்கா கேட்கிறார், ஆரஞ்சு ஜூஸ் குடித்தால் புற்று தெரியுமா என்று. தெரியாது அக்கா. குடித்தால் தாகம் தீரும். இது இன்னும் கிண்ணத்தில்தான் இருக்கிறது, மனிதருக்கு வரவில்லை. நானோ மருந்து என்று யாராவது டப்பாவில் கொண்டுவந்து விற்றால் காசு கொடுக்காதீர்கள்.

இன்னும் ஒன்று. இந்த வெளிச்சம் எல்லாம் ஆபரேஷன் மேஜைக்குப் போன பிறகு வருவது. அதற்கு முன்னால் கை இருக்கிறது. நம் மும்பையிலேயே டாடா நினைவு மருத்துவமனைக்காரர்கள் 1998-இல் ஒரு பெரிய சோதனை தொடங்கினார்கள். குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரை உள்ள பெண்கள், மொத்தம் 1,51,538 பேர். பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் மார்பைத் தொட்டுச் சோதித்தார்கள். டாக்டர் இல்லை, எந்திரம் இல்லை. 2021-இல் முடிவு வெளியானது. சோதித்த பெண்களில் நோய் முற்றும் முன்பே தெரிந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றால் இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. பெரியம்மாவின் அந்த எட்டு மாதத்தை நினைத்துக்கொண்டேன்.

வலி இல்லாத கட்டி என்றால் காத்திருக்காதீர்கள். சுகாதார நிலையத்து அக்கா பெண்தான். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பெரியம்மா கை தூக்குகிறார். இடது கை. என்ன பெரியம்மா? இந்த வெளிச்சம் என் கைக்கு இப்போது ஏதாவது செய்யுமா என்று கேட்கிறார்.

பெரியம்மா, அமெரிக்கத் துகள் செய்யாது. ஆனால் அந்தப் பச்சைப் பொடி இருக்கிறதே, அதை வீங்கிய கையில் போட்டுப் பார்க்கிறார்கள். எந்தக் குழாய் இன்னும் ஓடுகிறது, எது அடைத்திருக்கிறது என்று திரையில் தெரியும். ஓடுகிற குழாயைப் பக்கத்து ரத்தக் குழாயோடு சேர்த்துத் தைத்து நீரை வடிய விடும் ஆபரேஷனும் சில பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. மிக நுணுக்கமான தையல். எல்லோருக்கும் பலன் தரும் என்று இல்லை. இத்தனை வருட வீக்கத்துக்கு ஆகுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வருகிற செவ்வாய்க்கிழமை கேட்டு வருவோம். தகரப் பெட்டிக் காகிதத்தையும் எடுத்துக்கொள்வோம். போன மாதம் நீங்களே அதில் அந்த எண்ணைப் படித்தீர்கள் அல்லவா, பூஜ்யம், பதினாறு என்று. டாக்டரிடமும் நீங்களே படித்துச் சொல்லுங்கள்.

மணி எட்டரை ஆகிவிட்டது. குழாயில் தண்ணீர் வரும் நேரம். ஐந்நூறு ரூபாய் கொடுத்தவர் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். டார்ச் வேண்டுமானால் ஒரு தடவை கை மாற்றிப் பாருங்கள். யார் கண்ணிலும் அடிக்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்கு ஆகாது.